மடக்குக் கத்தியில் முதலில் வில்லைப் பாருங்கள்

பகிர்வு 1

பழைய மடக்குக் கத்தி ஒன்று கையில் வந்தால் எல்லாரும் முதலில் கூர்தான் பார்க்கிறார்கள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவி, "மழுங்கிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு உடனே கல்லைத் தேடப் போய்விடுவார்கள். கூர் போனால் அரைமணி நேரத்தில் திரும்பக் கொண்டுவரலாம். வில் போனால் அவ்வளவுதான்.

வில் என்று நான் சொல்வது பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டையை. இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. வில்லின் நுனி அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் திறந்தது திறந்தபடியும் மூடியது மூடியபடியும் நிற்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட ஏற்பாடு இது. இன்றைக்கும் பேனாக்கத்தி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

சோதனை இப்படி. அலகை மெதுவாகத் திறவுங்கள். முதல் கால்வாசித் தூரம் நல்ல எதிர்ப்பு இருக்க வேண்டும். அடிப்பாகம் சதுரமாக அரைக்கப்பட்டிருந்தால் 90 பாகையில் ஒரு நிறுத்தம் வரும். வட்டமாக இருந்தால் நிற்காமல் வழுக்கிப் போகும். இரண்டுமே சரியான அமைப்புதான். கடைசியில் "டக்" என்று தானாகப் போய் உட்கார வேண்டும். உங்கள் விரல்தான் கடைசிவரை தள்ள வேண்டியிருக்கிறது என்றால் ஒன்று உள்ளே அழுக்கு, இல்லை வில் சோர்ந்துவிட்டது. அழுக்கா சோர்வா என்று தெரிய மண்ணெண்ணெயில் அலகு திரும்பும் மூட்டுப் பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இருபது தடவை திறந்து மூடிப் பாருங்கள். கறுப்பாகச் சாறு வழிந்து சத்தம் திரும்பி வந்தால் அழுக்கு. சாறு வழிந்தும் சத்தம் வரவில்லையென்றால் வாங்காதீர்கள்.

அடுத்து, முதுகைத் தடவுங்கள். திறந்த நிலையில் ஒரு தடவை, மூடிய நிலையில் ஒரு தடவை, நிறுத்தம் இருந்தால் பாதியில் ஒரு தடவை. மூன்றிலும் வில் பக்கத் தகடுகளோடு சமமாக இருந்தால் அதைச் செய்த கை நல்ல கை. ஒன்றில் மேடும் இன்னொன்றில் பள்ளமுமாக இருந்தால் மலிவான வேலை, ஆனாலும் புழங்கலாம். பிறகு கத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வில்லுக்கும் பித்தளை உள்தகட்டுக்கும் நடுவே பாருங்கள். கோடாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே தண்ணீர் இறங்கும், துரு உள்ளிருந்து வரும்.

கடைசியாக ஆட்டம். அலகைத் திறந்து நுனியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள், பிறகு மேலும் கீழுமாக. பக்கவாட்டு ஆட்டம், அலகு திரும்பும் ஆணி தளர்ந்ததால் வருவது. அதைச் சரிசெய்யலாம். மேல்கீழ் ஆட்டம் வில்நுனியும் அடிப்பாகமும் தேய்ந்ததால் வருவது. அதை யாரும் மலிவாகச் சரிசெய்ய முடியாது.

பகிர்வு 2

ஆணி தளர்ந்ததைச் சரிசெய்ய முயன்று கெட்ட கத்திகள்தான் தளர்ந்தபடி விட்ட கத்திகளைவிட அதிகம். அதனால் அளவோடு சொல்கிறேன்.

100 கிராம், மிஞ்சிப்போனால் 150 கிராம் சுத்தியல். உருண்டைத் தலை. கத்தியின் பூண், அதாவது பிடியின் முனையில் மூட்டைச் சுற்றியுள்ள உலோகப் பகுதி, ஒரு வழவழப்பான இரும்புக் கட்டையில் படுத்திருக்க வேண்டும். அலகு பாதி திறந்த நிலை. ஆணித் தலையில் மூன்று தட்டு, திருப்பிப்போட்டு மறுபக்கம் மூன்று தட்டு, உடனே திறந்து மூடிப் பார்ப்பது. ஆட்டம் நிற்கும் வரை இதையே திரும்பத் திரும்ப. ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு அடித்தால் மூட்டு இறுகி அலகு நடுவழியில் நின்றுவிடும். அதைத் தளர்த்துவது இறுக்குவதைவிடக் கஷ்டம்.

பூண் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். ஆணியும் அதே உலோகமாக இருந்தால் தொழிற்சாலையில் தேய்த்தபோது ஆணித் தலை பூணோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். நீங்கள் தட்டியதும் ஒரு வட்டம் தெரியும். வாங்கிச் சேர்ப்பவர்கள் அந்த வட்டத்தைப் பார்த்தவுடன் விலையைக் குறைப்பார்கள். புழங்குவதற்கு என்றால் தட்டுங்கள். விற்பதற்கு என்றால் ஆட்டத்தோடே விட்டுவிடுங்கள்.

பகிர்வு 3

வில்லைப் பற்றிச் சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார். மூடும்போது அலகின் கூர்விளிம்பு உள்ளே வில்லில் போய் மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். தீட்டிய இரண்டாம் நாளே ஒரே இடத்தில் கூர் போய்விடுகிறது, எஃகு சரியில்லை என்று புலம்புபவர்களுடைய கத்தியில் முக்கால்வாசி இதுதான் நோய். எஃகின் மேல் பழி.

அலகின் அடியில், கூர்விளிம்பு முடியும் இடத்துக்குப் பக்கத்தில், கூரில்லாத ஒரு சிறு மேடு இருக்கும். கிக் என்பார்கள். கத்தியை மூடும்போது அந்த மேடுதான் வில்லில் உட்கார வேண்டும், கூர்விளிம்பு அந்தரத்தில் நிற்க வேண்டும். மேடு தேய்ந்திருந்தாலோ, தொழிற்சாலையிலேயே குறைவாக விட்டிருந்தாலோ விளிம்பு இறங்கி வில்லைத் தொடும். வேகமாக மூடும்போது வில் வளைந்து கொடுப்பதால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனால் மெதுவாக மூடினால் தெரியாத மோதல், "டப்" என்று விட்டால் வந்துவிடும்.

கண்டுபிடிக்க: மார்க்கர் பேனாவால் விளிம்பு முழுக்கக் கறுப்பு பூசுங்கள். காய்ந்ததும் கத்தியைத் தானாக மூட விடுங்கள், நாலைந்து தடவை. திறந்து பார்த்தால் எங்கே மை போயிருக்கிறதோ அங்கே மோதல். மெல்லிய தாளை உள்ளே வைத்து மூடிப் பார்ப்பவர்களும் உண்டு. தாளில் வெட்டு விழுந்தால் அதே பதில். வெளிச்சத்தில் விளிம்பை நேராகப் பார்த்தால் மோதும் இடத்தில் ஊசிமுனை அளவு பளபளப்பு தெரியும், அது தட்டையான இடம்.

செய்ய வேண்டியது எளிது. மூங்கில் பல்குச்சியில் ஒரு துண்டு வெட்டி, வில்லின் உட்பக்கம் மேடு வந்து உட்காரும் இடத்தில் ஒரு சொட்டுப் பசையால் ஒட்டுங்கள். மெல்லிய சீவல் போதும். தோல் துண்டு வேண்டாம். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் உப்பும் சேர்ந்து சாதா எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். இதே காரணத்தால்தான் கத்தியைத் தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது என்பதும்.

சிலர் இதற்கு நேர் எதிரான காரியம் செய்வார்கள். மூடிய கத்தியில் நுனி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு சட்டைப் பையைக் கிழிக்கிறது என்று மேட்டை அரத்தால் ராவுவார்கள். கணக்கைப் பாருங்கள். ஆணியிலிருந்து மேடு 7 மி.மீ. தள்ளி இருக்கிறது, நுனி 70 மி.மீ. தள்ளி. மேட்டில் 0.2 மி.மீ. ராவினால் நுனி 2 மி.மீ. இறங்கும். இரண்டு இழுப்பு அதிகமாகிவிட்டால் நுனி உள்ளே போகும், விளிம்பு வில்லில் குந்திவிடும். ராவத்தான் வேண்டுமென்றால் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒருமுறை மூடிப் பாருங்கள்.

பகிர்வு 4

லண்டனில் இருந்து எழுதுறன். ஊரில் எங்கட பக்கம் இதற்குப் பேரே வில்லுக்கத்திதான், அதால முதல் பகிர்வு எழுதினவர் சொன்னது சட்டெண்டு விளங்கிவிட்டது.

கொண்டு திரிவது பற்றிக் கனபேர் தவறாக விளங்கி வைத்திருக்கினம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவுதான் அடிப்படை. மடக்குக் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் இல்லை என்றால் காரணம் சொல்லாமல் பையில் வைத்திருக்கலாம். 3 அங்குலம் என்றால் 7.62 செ.மீ. ஆனால் 1990களில் ஒரு வழக்கில் நீதிமன்றம் சொன்னது: திறந்தவுடன் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகைக்குள் வராது, அது மடங்காத நிலைக்கத்தி மாதிரித்தான்.

இதை ஓபினெலில் வைத்து வடிவாகப் பார்க்கலாம். பிரான்சின் சவாய்ப் பகுதியில் 1890இல் தொடங்கின கத்தி அது. அதன் சுழல்வளையப் பூட்டு 6ஆம் எண்ணிலிருந்துதான் வருகிறது. 6ஆம் எண்ணின் அலகு 7 செ.மீ.தான், 3 அங்குலத்துக்கு உள்ளேதான். ஆனாலும் வளையம் இருப்பதால் தகுந்த காரணம் கேட்பினம். 5ஆம் எண்ணில் வளையம் இல்லை, அலகு 6 செ.மீ.; அதுக்குப் பிரச்சினை இல்லை. நீளத்தை மட்டும் அளந்து வாங்குகிற ஆக்கள் இதில்தான் பிழை விடுகினம்.

ஜெர்மனியில் வேறு கணக்கு. ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைப் பொது இடத்தில் கொண்டு திரியத் தடை. இரண்டு கையாலும் நகக்குழியில் பிடித்துத் திறக்க வேண்டிய பழைய வகை அதில் படாது. நகத்தை வைத்துத் திறக்கிறது கரைச்சல் எண்டு சொல்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கோ.

பகிர்வு 5

இந்தியாவில் ஆயுத விதிகளின் பட்டியலில் வரும் கத்தி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமானவை தவிர. பேனாக்கத்தி அதன் கிட்டக்கூட வராது. ஆனால் பட்டியலில் இல்லை என்பதற்காகக் கோவில் கூட்டத்திலும் அரசியல் கூட்டத்திலும் பையில் வைத்துக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், திரும்ப வராது.

நம் ஊர் வெயிலுக்குச் சொல்ல வேண்டியது வியர்வை. பேன்ட் பாக்கெட்டில் ஒரு நாள் முழுக்க இருந்த சாதா எஃகு அலகில் மறுநாள் காலை செம்புள்ளி இருக்கும். ராத்திரி ஒரு தடவை துணியால் துடைத்தால் போதும். அதே பாக்கெட்டில் சில்லறையும் சாவியும் இருந்தால் பூணில் கீறல். பஞ்சும் நூலும் எண்ணெயோடு சேர்ந்து மூட்டில் களிம்பாகிவிடும். மாதம் ஒருமுறை பல்குச்சியில் பஞ்சு சுற்றி வழித்து எடுங்கள். வேட்டி கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, பாக்கெட்டே இல்லை. அவர்கள் பெல்ட் பர்ஸில் தனி அறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பகிர்வு 6

எண்ணெய் பற்றி யாரும் எழுதவில்லையே. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் எடுங்கள். மணமில்லை, கெடாது, பழம் வெட்டினாலும் பயமில்லை. மூட்டுக்கு ஒரு சொட்டு, அலகுக்கு விரலில் தொட்டுத் தடவும் அளவு. தேங்காயெண்ணெய் சென்னையில் ஓடும், ஊட்டியில் உறையும். உறைந்தால் வில் சோம்பும். நல்லெண்ணெய் கூடவே கூடாது. நாளாக நாளாகப் பிசினாகி மூட்டைக் கோந்து போட்டதுபோல் ஆக்கிவிடும். தையல் மெஷின் எண்ணெய் மூட்டுக்குச் சரி, ஆப்பிள் வெட்டும் அலகுக்கு வேண்டாம்.

பகிர்வு 7

சேர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். அலகின் அடியில் உள்ள முத்திரையைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கத்தியைப் படித்தமாதிரி.

கற்றுக்கொள்ள வசதியானது அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்துக் கத்தி. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்யப்படுவது. 1940 முதல் 1964 வரை "கேஸ் எக்ஸ்எக்ஸ்" என்று மட்டும் இருக்கும். 1965 முதல் 1969 வரை அதனோடு யு.எஸ்.ஏ. சேரும். 1970இல் முத்திரைக்குக் கீழே 10 புள்ளி வைத்தார்கள். வருடத்துக்கு ஒரு புள்ளி எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஆகவே 9 புள்ளி என்றால் 1971, ஒரே புள்ளி என்றால் 1979. 1980இல் திரும்பவும் 10 புள்ளி. ஆனால் கேஸ் என்ற சொல்லில் உள்ள எஸ் எழுத்து மின்னல் மாதிரி ஒடிந்திருக்கும். அந்த எழுத்தைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் எண்ணினால் 10 வருடம் தப்பும்.

அதன் எண்களும் பேசும். 3318 என்றால் முதல் 3 மஞ்சள் செயற்கைப் பிடி, அடுத்த 3 மூன்று அலகு, 18 வடிவத்தின் எண். 2138 என்றால் வழவழ கறுப்புப் பிடி, ஓர் அலகு, 38ஆம் வடிவம். 6 செதுக்கிய எலும்பு, 5 மான்கொம்பு. அலகில் 6318 என்று இருந்து பிடி மஞ்சள் செயற்கையாக இருந்தால் யாரோ பிடியை மாற்றியிருக்கிறார்கள், அல்லது இரண்டு கத்தியை ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்திகளுக்கு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அடையாளம். 1764இல் பெற்ற முத்திரை. விக்டோரியா காலத்தில் வி, கிரீடம், ஆர் என்றும், ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் ஜி, கிரீடம், ஆர் என்றும் சேர்த்து அடித்தார்கள். இதுவும் காலத்தைத் தோராயமாகக் காட்டும். இன்னொரு துப்பு: அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சந்தைக்குப் போன கத்தியில் நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

போலி பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். பழைய முத்திரையில் எழுத்தின் உள்விளிம்பும் சுற்றியுள்ள எஃகும் ஒரே மாதிரிக் கறுத்திருக்கும். எழுத்து மட்டும் புதிதாக, ஓரம் கூராக இருந்து சுற்றிலும் குழி விழுந்திருந்தால் பிற்பாடு அடித்தது. அலகு இரண்டில் ஒன்று மட்டும் முழு அகலமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

வாங்கியபிறகு தயவுசெய்து பஃபிங் சக்கரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அலகில் அமிலத்தால் பொறித்த எழுத்து ஒரு மயிரிழை ஆழம்தான். பத்து விநாடிப் பளபளப்பில் அது போய்விடும், கூடவே விலையில் பாதியும்.

பகிர்வு 8

கருமையைத் துரு என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதா எஃகில் மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் வெட்ட வெட்ட நீலமும் சாம்பலுமாக நிறம் ஏறும். அது எஃகைக் காக்கும் படலம், விட்டுவிட வேண்டும். விரலால் தேய்த்தால் செந்தூள் ஒட்டுகிறதா? அதுதான் துரு. எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பித்தளைச் சாவியின் விளிம்பால் சுரண்டுங்கள். பித்தளை எஃகைவிட மென்மை. துருவை எடுக்கும், எஃகைக் கீறாது. உப்புத்தாள் வேண்டாம். துருவுக்கு அடியில் குழி இருந்தால் அது இருந்துவிட்டுப் போகட்டும். குழியை எடுக்க அலகை மெலியவைப்பது முட்டாள்தனம்.

பகிர்வு 9

பிடிகளைப் பற்றி. இதில் ஒன்று உண்மையில் ஆபத்தானது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த முத்துநிறம், ஆமையோட்டு நிறம், வரிக்கோடு போட்ட பளபளப் பிடிகள் பல செல்லுலாய்ட். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் பூஜையறை வாசம் வரும், சோதனையே அதுதான். சூடு போட்ட ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், குபீரென்று பிடித்து எரியும்.

செல்லுலாய்ட் வயதானால் சிதையும். கற்பூர வாசம் போய் மூக்கைக் குத்தும் புளித்த நெடி வரும். பிடியில் நுண்ணிய விரிசல், பித்தளை உள்தகட்டில் பச்சைக் களிம்பு, அதற்கு நேரே உள்ள அலகில் மட்டும் திடீர்த் துரு. வெளிவரும் ஆவி அமிலத்தன்மை உள்ளது. அது அந்தக் கத்தியோடு நிற்காது, அதே பெட்டியில் உள்ள எல்லாக் கத்தியையும் அரிக்கும். ஒரு டப்பாவில் இருபது கத்தி, எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில் துரு என்றால் முதலில் அந்த இருபதில் செல்லுலாய்ட் எது என்று தேடுங்கள். செல்லுலாய்ட் கத்திகளைத் தனியாக, காற்றோட்டமாக, வெயில் படாமல் வைக்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக் டப்பா கூடாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறை பீரோவும் கூடாது.

எலும்பு: உருப்பெருக்கியில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். ஆணியைச் சுற்றித்தான் விரிசல் விடும். கொம்பு: துளை இருக்காது, காய்ந்தால் ஏடு ஏடாகப் பிரியும், பூச்சி அரிக்கும். ஆண்டுக்கு இரண்டு தடவை லேசாக எண்ணெய் தடவினால் தாங்கும்.

மான்கொம்புக்கு நம் காடுகளோடு நேரடித் தொடர்பு உண்டு. ஷெஃபீல்டிலும் அமெரிக்காவிலும் பெயர்போன பிடிகளுக்குப் போனது மிளாவின் கொம்பு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் திரியும் அதே மிளா. மற்ற மான்களின் கொம்பைவிட அதில் உள்ளே இருக்கும் மெத்தென்ற சோறு குறைவு, கெட்டி அதிகம், அதனால் மெல்லியதாக அறுத்தாலும் நிற்கும். 1990களின் இறுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியை நிறுத்தியபிறகு பழைய இருப்புக்கு விலை ஏறியது. இங்கே 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்புதானே என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், உதிர்ந்ததற்கும் விலக்கு இல்லை.

பகிர்வு 10

ஓபினெல் பற்றி மழைக்காலக் குறிப்பு. பிடி பீச் மரம், அலகு மரப்பிளவுக்குள் மடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதும், அலகு வெளியே வராது. நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம். வளையத்தைத் திறப்பில் வைத்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு அரை அங்குலம் வெளியே எட்டிப் பார்க்கும். சவாய்க்காரர்கள் இதற்குத் தங்கள் ஊர்ப்பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நிரந்தரத் தீர்வு: சர்கிளிப் பிளையரால் வளையத்தை விரித்துக் கழற்றி, 120 எண் உப்புத்தாளை ஐஸ்குச்சியில் சுற்றிப் பிளவின் உட்பக்கங்களைத் தேயுங்கள். இரண்டு பக்கமும் சமமாக, பத்துப் பத்து இழுப்பு. அதிகமானால் கோடையில் அலகு ஆடும். பிறகு வாஸ்லைனை உருக்கி மூட்டில் ஊற்றி, ஹேர் டிரையரால் சூடு காட்டி மரம் குடிக்க விடுங்கள். நாலு தடவை. வளையத்தை மாட்டும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், தெறிக்கும்.

பகிர்வு 11

தீட்டுவது. மேலே எல்லாரும் தொட்டுவிட்டுப் போனதை விரிவாக எழுதுகிறேன்.

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் அரிவாளும் அரிவாள்மனையும் கொடுக்கலாம். பேனாக்கத்தி கொடுக்காதீர்கள். சாணை பிடிப்பவரின் கைத்திறனில் குறையில்லை. விளிம்பு மெல்லியதாக இருப்பதால் வரும் சிக்கல் இது. தண்ணீரில்லாமல் சுற்றும் சக்கரத்தில் அந்த மெல்லிய விளிம்பு கண்சிமிட்டும் நேரத்தில் சூடேறும். வைக்கோல் நிறம் வந்தால் 220 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டது, நீலம் வந்தால் 300ஐ நெருங்கிவிட்டது. பதம் போனது. அந்த இடம் எத்தனை தடவை தீட்டினாலும் ஒரு கத்தரிக்காய்க்குமேல் கூர் நிற்காது.

கல் 1000 எண் ஒன்று போதும். பல் விழுந்த அலகுக்கு மட்டும் 400. மினுக்க 3000. தண்ணீர்க் கல்லென்றால் கடைசிவரை தண்ணீர். ஒருமுறை எண்ணெய் விட்டால் பிறகு தண்ணீர் குடிக்காது. கல் நடுவில் குழிந்திருந்தால் அலகும் குழிந்த கோணத்தில்தான் வரும். சமையல்மேடைக் கருங்கல் பலகை நல்ல சமதளம். அதன்மேல் 220 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் எல்லாம் அழியும் வரை தேயுங்கள். நடுக்கோடுகள் கடைசியில் அழிந்தால் கல் குழிந்திருந்தது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் மேடையை நன்றாகக் கழுவிவிடுங்கள், மறுநாள் சட்னியில் மணல் என்று வீட்டில் சண்டை வரும்.

கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. பாகைமானி வேண்டாம், முதுகின் உயரத்தைப் பாருங்கள். அலகு 15 மி.மீ. அகலமென்றால் முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து 4 மி.மீ. உயர்ந்தால் 15 பாகை, 5 மி.மீ. என்றால் ஏறக்குறைய 20. ஸ்கேலில் 4 மி.மீ. வருமளவு நாணயங்களை அடுக்கி முதுகை அதன்மேல் சாய்த்து, கை அந்த உயரத்தைப் பழகும்வரை பாருங்கள். விளிம்பில் மார்க்கர் மை பூசி இரண்டு இழுப்பு இழுங்கள். மை மேல்பாதியில் மட்டும் போனால் முதுகைத் தூக்க வேண்டும், நுனிவிளிம்பில் மட்டும் போனால் தாழ்த்த வேண்டும்.

ஒரு பக்கத்தையே தேயுங்கள், மறுபக்கத்தில் பிசிறு (விளிம்பில் மடங்கி நிற்கும் எஃகு இழை) வரும்வரை. பிசிறைக் கண்ணால் தேடாதீர்கள். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வழித்தால் சொரசொரவென்று தட்டும். குதியிலிருந்து, அதாவது விளிம்பு பிடிப்பக்கம் தொடங்கும் இடத்திலிருந்து, நுனிவரை ஓர் இடம் விடாமல் தட்ட வேண்டும். விட்டுப்போன இடம் பெரும்பாலும் இரண்டு முனைகள்தான். வந்தபிறகு திருப்பிப் போட்டு அதே மாதிரி. அதன்பிறகு ஐந்துக்கு ஐந்து, மூன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு ஒன்று என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றி. கடைசி இழுப்புகளில் அலகின் எடை மட்டும்தான் கல்லில் இருக்க வேண்டும். சாதா எஃகில் பிசிறு சீக்கிரம் உதிரும். துருப்பிடிக்காத எஃகில் அது ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு கொடுக்கும். கூர் வந்தமாதிரி இருந்து இரண்டே வெட்டில் போவது அதனால்தான்.

இப்போது குதி. இங்கேதான் முன்னால் ஒருவர் சொன்ன மேடு திரும்ப வருகிறது. விளிம்பு முழுக்கக் கல்லில் பட வேண்டும் என்று அலகை அழுத்தினால் மேடும் கல்லில் தேயும். நாலு வருடத்தில் அது தேய்ந்து விளிம்பு வில்லில் மோதும். மேட்டுக்குப் பயந்து குதியை விட்டுவிட்டுத் தீட்டினால் குதிக்கு முன்னால் பள்ளம் விழுந்து அலகு அரைநிலா மாதிரி ஆகும். பழைய கத்திகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி. சரியான வழி, கல்லின் நீளவிளிம்பில் வைத்து, மேடு கல்லுக்கு வெளியே தொங்க, குதியிலிருந்து தொடங்குவது. மேட்டின்மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டால் தவறிப் பட்டாலும் டேப்தான் கிழியும்.

நுனிக்கு வரும்போது பிடியைக் கொஞ்சம் உயர்த்துங்கள், விளிம்பின் வளைவு கல்லைவிட்டு எழும்பாத அளவு. நுனி கல்லைத் தாண்டி விழக் கூடாது, விழுந்தால் வட்டமாகிவிடும். நேர்விளிம்பு அலகென்றால் உயர்த்தவே வேண்டாம்.

மூன்றலகுக் கத்தியில் எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் தீட்டுவது வீண். நீண்ட அலகு 17, 18 பாகை. ஆட்டுக்குளம்பு வடிவ நேரலகு அட்டைப்பெட்டிக்கும் கயிறுக்கும் போகும், அதற்கு 20. முனை மழுங்கிய ஸ்பே அலகு கால்நடைகளுக்குக் காயடிக்க வந்தது. இன்று அதைப் பழத்தோல் சீவ 15இல் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் தோல்வார். பழைய பெல்ட்டின் உட்பக்கத்தைப் பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து, முதுகு முன்னே போக விளிம்பு பின்னே வர, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. தோல் அழுந்திக் குழியுமளவு அழுத்தினால் தோல் விளிம்பைச் சுற்றி எழும்பி அதை உருட்டிவிடும். சோதனைக்குச் செய்தித்தாள்: பிடித்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, இழுக்காமல் கீழே தள்ளினால் வெட்ட வேண்டும். ஓரிடத்தில் கிழிந்தால் அந்த இடத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வெள்ளைக் கோடாக மின்னும். மின்னும் இடம் மழுங்கல்.

பகிர்வு 12

ஜப்பானின் ஹிகோனோகாமிக்கு இதில் பாதி பொருந்தாது. ஹியோகோவின் மிக்கி நகரில் செய்யும் கத்தி. வில்லே இல்லை, மடித்த தகட்டுப் பிடியின் உராய்வும் அலகின் பின்னால் நீளும் சிறு வாலும்தான். வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வெட்ட வேண்டும். தளர்ந்தால் ஆணியில் நாலு தட்டு. தீட்டும்போது முதுகைத் தூக்காதீர்கள். அகலமான சரிவு முழுவதையும் கல்லில் தட்டையாகப் படுக்க வைத்து 1000இல் தேய்த்து 3000இல் முடியுங்கள். மார்க்கர் மை சரிவு முழுக்கச் சீராகப் போக வேண்டும். தனியாக இன்னொரு சிறு கோணம் வைத்தால் அடுத்த தடவை பழைய சரிவைத் திரும்பக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும்.

பகிர்வு 13

கடற்கரைக்குக் கொண்டுபோன விக்டோரினாக்ஸ் (பல அலகுள்ள சுவிஸ் மடக்குக் கத்தி) நறநறக்கிறது, எண்ணெய் விட்டும் போகவில்லை என்று கேட்டிருந்தார்கள். மணலுக்கு எண்ணெய் விட்டால் அது அரைக்கும் களிம்பாகிவிடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வோர் அலகையும் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை. நறநறப்பு நின்றதும் எல்லா அலகையும் பாதி திறந்து உதறி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் வையுங்கள். காய்ந்தபிறகு வில்லும் அலகும் சேருமிடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கத்தரிக்கோலின் சிறு வில்லை மறக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் முதலில் முறிவது அதுதான்.